கால் நனையாதவனுக்குப் பாடு இல்லை

எனக்கு ஐம்பத்தாறு வயது. குப்பத்திலிருந்து கோட்டைக்கு இரண்டரை நாழிகை நடை, திரும்பி வர இரண்டரை நாழிகை. தினமும் நடக்கிறேன். மூச்சு வாங்குவதில்லை, முட்டி பிடிப்பதில்லை, தின்றது செரிக்கிறது. என்னைவிட இருபது வயது சின்னவர்கள் வழியில் நிறுத்தி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒருவரிடம் வேப்பங்கொழுந்து என்றேன். இன்னொருவரிடம் தேன் என்றேன். இரண்டும் பொய். என் உடம்பைத் தேற்றியது என் பெரியப்பா மகன் மேல் எனக்கு வந்த ஆத்திரம். அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது ஏரிக்கரைக் குப்பத்தில். வாலிபத்தில் கப்பல்களுக்குப் படகு வலித்தேன். டச்சு மாலுமிகளிடமிருந்து, நாங்கள் உலாந்தா என்கிற அவர்கள் பாஷையில் முதலில் வசவுகளைக் கற்றேன், பிறகு மற்றதையும் கற்றேன். அந்தப் பாஷை என்னைக் கோட்டைக்குள் கொண்டுபோய்த் துணிக் கிடங்கின் துபாஷியாக உட்கார வைத்தது. கிடங்குத் துரை சொல்வதை நெசவாளிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். நெசவாளிகள் பதிலுக்குச் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துரையிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை.

முதல் பன்னிரண்டு வருஷம் நடந்துதான் போனேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் நான் சேற்றில் மாட்டிக்கொண்டு நேரம் தப்பி வந்ததைப் பார்த்த துரை, கோட்டை மூலையில் கிடந்த பழைய பல்லக்கு ஒன்றை எனக்குக் கொடுத்து, தூக்குவதற்கு நான்கு பேரையும் ஒதுக்கினார். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பல்லக்கு. அது குப்பத்துக்குள் முதன்முதலில் நுழைந்த அன்று சனமெல்லாம் தெருவில் நின்றது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று கூட்டத்திலிருந்து உரக்கச் சொன்னது என் பெரியப்பா மகன்தான். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னான். நான் திரையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

எட்டு வருஷம் அந்தப் பல்லக்கில் போய் வந்தேன். பாயிலிருந்து பல்லக்கு, பல்லக்கிலிருந்து மெத்தை, மெத்தையிலிருந்து பல்லக்கு, பல்லக்கிலிருந்து பாய். உலாந்தாக்காரர்கள் நம் வாயில் விட்டுப்போகப் போகிற வார்த்தைகளில் கக்கூஸ் ஒன்று. கிடங்கிலிருந்து கோட்டைக் கக்கூஸ் வரைக்கும் உள்ள தூரம்தான் ஒரு நாளில் நான் நடந்த தூரம். அதையும் யாராவது எனக்குப் பதிலாகப் போய்வந்தால் தேவலை என்று நினைத்ததுண்டு.

வயிறு முதலில் வந்தது. பிறகு கணுக்கால் வீங்கியது, காலையில் வடிந்து சாயங்காலம் ஏறும். பிறகு வடிவதை நிறுத்திக்கொண்டது. விரலில் போட்டிருந்த மோதிரம் கழற்ற வராமல் போனது. நான்கு பேர் தூக்கிய பல்லக்கை ஆறு பேர் தூக்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் நான் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை என் மனைவி காட்டினாள். பொன்னேரி வைத்தியர் நாடி பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி மேலே வர நேரமானது.

"நடந்து போங்க. இப்ப நடக்கலைன்னா அப்பறம் நடக்கறதுக்குக் காலு இருக்காது" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் பல்லக்கில் ஏறித் திரும்பினேன். அவர் கொடுத்த சூரணத்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இனிப் பாடு என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் எங்கு வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. கடல் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்தில், இறால் ஓடுகிற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தக் குடும்பம் எந்தப் பாட்டில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஆவணி மாதம் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். சீட்டில் பெயர் இருக்கிறவன்தான் குப்பத்துக்காரன். மற்றவன் குடியிருப்பவன், அவ்வளவுதான்.

சீட்டுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கழி நட்டிருக்கும். பெயர் உள்ள ஒவ்வொருவனும் கரையிலிருந்து இறங்கிப் போய் அந்தக் கழியைத் தொட வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. அவன் தொட்டதும் ஊர்த் தலைவரான நாட்டார், அவனுடைய பங்காளியைப் பார்த்து, உன் பங்காளி வந்தானா என்று கேட்பார். பங்காளி, வந்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சீட்டு உண்டு. வரவில்லை என்று சொன்னால் அந்த வருஷத்துத் தண்ணீர் சொன்ன பங்காளிக்கே போய்விடும். பங்காளிதான் கூர்ந்து பார்ப்பான் என்று தெரிந்து முன்னோர்கள் வைத்த ஏற்பாடு. அடுத்தடுத்து இரண்டு வருஷம் வராதவன் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அவன் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பிறகு ஏரியில் இடம் கிடையாது, அந்தத் தண்ணீர் பங்காளிக்கே நிலைத்துவிடும். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகன் அவனுக்குப் பதிலாக நிற்கவும் முடியாது.

கோட்டை வேலைக்குப் போன பிறகும் நான் ஒவ்வொரு ஆவணியிலும் தவறாமல் தண்ணீரில் இறங்கினேன். என் இரண்டு மகன்களும் ஏரியை நம்பித்தான் இருந்தார்கள். உலாந்தா பாஷை என் நாக்கில்தான் இருந்தது, அவர்கள் கையில் இருந்தது வலை.

போன வருஷத்துக்கு முந்தைய ஆவணியில் என் வலது கால் விரலிடுக்கில் புண். தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் யோசித்து ஒரு வழி கண்டேன். அப்போது அது மிகப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பல்லக்கோடு தண்ணீரில் இறங்கச் சொன்னேன். ஆறு பேரும் இடுப்பளவு தண்ணீரில் தட்டுத் தடுமாறி நடந்து என்னைக் கழிவரை கொண்டுபோனார்கள். நான் திரையை விலக்கிக் கையை நீட்டிக் கழியைத் தொட்டேன்.

நாட்டார் என் பெரியப்பா மகனைப் பார்த்து, "உன் பங்காளி வந்தானா?" என்று கேட்டார்.

அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். தன் முறை முடிந்து தண்ணீரிலேயே நின்றிருந்த அவனுக்கு நான் நான்கு முழ தூரத்தில் இருந்தேன்.

"வரல" என்றான்.

பிறகு நாட்டார் பக்கம் திரும்பினான்.

"பல்லக்கு வந்துகீது நாட்டாரே. தூக்கறவன் ஆறு பேரு வந்துகீறான். ஆளு வரல. கால் நனையாதவனுக்குப் பாடு இல்லைனு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பல்லக்கு குலுங்கியதிலிருந்து எனக்கு அது தெரிந்தது. நாட்டார் சிரிக்காமல் தலையசைத்தார். என் தண்ணீர் அவனுக்குப் போனது.

காலில் புண் என்றேன், வைத்தியரைக் கேளுங்கள் என்றேன், மகனை நிற்கவிடுங்கள் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பெரியப்பா மகன்தான் பதில் சொன்னான்.

"நைனா உயிரோட கீறப்ப புள்ள எப்புடி நிப்பான்? நீ போனப்பறம் வந்து நிக்கட்டும். நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பேச்சின் கணக்கு எனக்கு விளங்கியது. அடுத்த ஆவணிக்குள் நான் செத்தால் என் மகன்களுக்குத் தண்ணீர் கிடைக்கும். நடக்க முடியாமல் உயிரோடு இருந்தால் என்றைக்குமே கிடைக்காது. என் குடும்பத்துக்கு நான் பிணமாக இருப்பதே மேல் என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டான். அதில் தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருஷம் என் மகன்கள் அவனிடம் கூலியாட்களாகப் போனார்கள். எங்கள் பாட்டில், எங்கள் தண்ணீரில், அவன் வலையை இழுத்தார்கள். ஐப்பசியில் ஒருநாள் என் மூத்த மகன் கையில் அவன் ஒரு கூடை இறால் கொடுத்தனுப்பினான், தம்பிக்குக் குழம்பு வைக்கச் சொல்லி. என் மனைவி கொட்டிவிடப் போனாள். நான் தடுத்தேன். குழம்பு வைக்கச் சொல்லி, அவனைத் திட்டித் திட்டி ஒவ்வொரு இறாலாக மென்று தின்றேன்.

மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தேன். முழுதும் நடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் உலாந்தாக் கல்லறைத் தோட்டத்து வாசலில் பல்லக்கை இறக்கச் சொன்னேன். அங்கிருந்து கோட்டை வாசல் ஒரு வெற்றிலை மெல்லும் தூரம். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். காதுக்குள் இரைந்தது. கிடங்குப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேச முடியாமல் இருந்தேன், துரை என்னவோ கேட்க, நான் கையைக் காட்டினேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

புண்ணுக்கு வைத்தியர் எண்ணெய்த் துணி கட்டி, அகலமான தோல் செருப்பு ஒன்று தைக்கச் சொன்னார். பத்து நாள் அதே கல்லறை வாசல். பதினோராம் நாள் அதற்கு முன்னால் இருக்கும் நெசவாளர் தெருவில் இறங்கினேன். மார்கழியில் உப்பளத்து வரப்பு. தை முடியும்போது ஓடை. அதிலிருந்து கோட்டை பாதி வழி. ஒரு இடத்தில் மூச்சு வாங்காமல் போய்ச் சேர்கிற வரைக்கும் அடுத்த இடத்துக்கு மாறவில்லை. சாயங்காலமும் அப்படியே, கோட்டையிலிருந்து அந்த இடம்வரை நடந்து பிறகு பல்லக்கில் ஏறினேன்.

நடக்கும்போது சாமி பெயர் சொல்கிறவர்கள் உண்டு. நான் அவன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். ஒரு கால் வைக்கும்போது 'வர', அடுத்த காலுக்கு 'ல'. வர-ல, வர-ல. செய்து பாருங்கள், நடைக்கு அருமையாகப் பொருந்தும். சோர்ந்துபோய் வேகம் குறைந்தால் அவன் அதைச் சொன்ன முகத்தை நினைத்துக்கொள்வேன். கால் தானாக எழுந்து முன்னால் விழும்.

உடம்பு மாறியதை நான் கவனிக்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. குறட்டை நின்றுவிட்டது என்றாள் மனைவி. எறும்பு வருவதில்லை என்றும் அவளே சொன்னாள். விரலிடுக்குப் புண் காய்ந்து தோல் மூடியது. ஒருநாள் கை கழுவும்போது மோதிரம் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. உப்பளத்துக் காற்று மூக்கில் ஏறி, காலையிலேயே பசித்தது. எட்டு வருஷமாக நான் பசித்துச் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோபம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. கோபப்படுவதற்குத் தெம்பு வந்தது.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு காலையில், ஓடைக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகனைப் பார்த்தேன். இரண்டு பங்குத் தண்ணீரும் அவனிடம் இருந்ததால் மீன் நிறைய. கூடைகளை ஆட்கள் சுமக்க, கோட்டையண்டை கடைத்தெருவுக்கு அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். என்னைவிட மூன்று வயது பெரியவன். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு நின்றது. அவனுக்கு வைத்தியர் யாரென்றே தெரியாது. எனக்குப் பின்னால் என் பல்லக்கு காலியாக வந்துகொண்டிருந்தது.

அந்தப் பல்லக்கு எனக்கு என்ன செய்தது என்பது உலகத்தில் என்னைவிட யாருக்கும் தெரியாது. பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பார்கள். பதம் வந்துவிட்டது என்று தோன்றியது.

"அண்ணா, பல்லக்கு சும்மாதான் வருது. ஏறிக்கோ" என்றேன்.

அவன் நின்றான். "இன்னாடா திடீர்னு பாசம்?"

"பாசம் இன்னா பாசம். ரெண்டு பாட்டுக்காரன் நீ. கடைத்தெருவுல நடந்து போய் நின்னா நாலு பேரு இன்னா நெனைப்பான்? எனக்கு வைத்தியர் நடக்கச் சொல்லிட்டாரு. இவனுங்க வெறும் பல்லக்கத் தூக்கினு வரானுங்க."

அவன் பல்லக்கைப் பார்த்தான். எட்டு வருஷம் கேலி செய்தவன் எட்டு வருஷமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஏறினான். முதல் நாள் முதுகை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் காலை நீட்டினான். சித்திரையில் வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்தான்.

அன்று முதல் காலையில் பல்லக்கு அவன் வாசலுக்குப் போனது, சாயங்காலம் கடைத்தெருவில் அவனுக்காகக் காத்திருந்தது. குப்பத்திலிருந்து ஓடைவரை உள்ள பாதியையும் இப்போது நான் நடந்தே ஆக வேண்டும். பல்லக்கு இருந்தால்தானே ஏறுவதற்கு? அவனுக்கு வைத்த பொறியில் எனக்கும் நல்லதுதான் நடந்தது. கோட்டை அடுப்பில் சுட்ட ரொட்டியையும், கூடவே கற்கண்டுப் பொட்டலம் ஒன்றையும் தூக்குகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன், அண்ணன் வழியில் வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று. தூக்குகிறவர்களில் மூத்தவன் எல்லைப் பக்கத்துத் தெலுங்கன். என்னைவிட அவனுக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது.

"ஐயா, அவரு உங்களவிட சீக்கிரம் கனக்கிறாரு" என்றான் வைகாசியில்.

இன்னொரு பொட்டலம் கற்கண்டு கொடுத்தேன்.

உறுத்தவில்லையா என்றால், இல்லை. ஒரே ஒரு முறை சங்கடமாக இருந்தது. அவன் மனைவி, என் அண்ணி, வழியில் என்னைப் பார்த்து, "நீ குடுத்த மரியாதயில அவரு ராஜாவாட்டம் போயினு வராரு, நல்லாயிருப்பா" என்றாள். அவள் பேச்சில் குத்தல் இல்லை. அன்று ஓடைவரை நடையில் வேகம் இல்லை. ஓடை தாண்டியதும் என் மகன்கள் தூரத்தில் அவன் வலையை இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சங்கடம் போய்விட்டது.

ஆனியில் அவன் செருப்பு மாற்றினான், கால் பழையதில் நுழையவில்லை. ஆடியில், தன் வீட்டுப் படியேறி நின்று மூச்சு வாங்கினான். நான் எதிரே நடந்துபோய்க்கொண்டிருந்தேன். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். வெகுநாள் கழித்து வாய்விட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

ஆவணி வந்தது. கழி நட்டார்கள். அந்த வருஷம் மேற்கே மழை பெய்து, தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. நான் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கால் சேற்றில் புதைந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி புதைந்தது, மறுபடி எடுத்து வைத்தேன். கழியைத் தொட்டபோது மூச்சு சாதாரணமாக இருந்தது. அந்தக் கழியை ஒரு நிமிஷம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன் பங்காளி வந்தானா?" என்று நாட்டார் அவனைக் கேட்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. "வந்தான்" என்றான். என் மகன்கள் கரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் நிலைத்தது. அங்கேயே நான் திருப்திப்பட்டிருக்கலாம். நல்லவன் திருப்திப்பட்டிருப்பான்.

அடுத்தது அவன். பல்லக்கைக் கரையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினான், அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி உண்டு. தொடையளவு தண்ணீர்வரை வந்தான். பிறகு வலது கால் சேற்றில் இறங்கியது. இழுத்தான், வரவில்லை. இடது காலில் பாரத்தைப் போட்டான், அதுவும் இறங்கியது. வாயைத் திறந்து மூச்சு விட்டான். கழிக்கு இன்னும் எட்டு முழம் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் உட்கார்ந்தான். கழுத்துவரை தண்ணீர். அவன் மூத்த மகன் கரையிலிருந்து ஓடிவந்தான். கை கொடுத்தால் சீட்டு போய்விடும் என்று யாரோ கத்த, பாதியில் நின்றுவிட்டான்.

உட்கார்ந்தபடியே அவன் நாட்டாரைப் பார்த்துச் சொன்னான்: "கால் நனைஞ்சிடுச்சு நாட்டாரே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. போன வருஷம் நான் கழியைத் தொட்டேன், கால் நனையவில்லை. இந்த வருஷம் அவனுக்குக் கால் நனைந்துவிட்டது, கழியைத் தொடவில்லை. இப்படி ஒரு சிக்கலை நாட்டார் பார்த்ததில்லை. அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். கடைசியில் வழக்கம் எதைச் சொல்கிறதோ அதையே செய்தார். என்னைப் பார்த்தார்.

"உன் பங்காளி வந்தானா?"

என் பெரியப்பா மகன் தண்ணீருக்குள்ளிருந்து என் முகத்தையே பார்த்தான். வந்தான் என்று நான் சொன்னால் ஊர் ஒத்துக்கொண்டிருக்கும். சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டிருக்கும். கரையில் அண்ணி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகக் காலையும் மாலையும் எத்தனை ஆயிரம் முறை நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன். வாய்க்கு நன்றாகப் பழகியிருந்தது.

"வரல" என்றேன்.

அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். எங்கள் தண்ணீர் எங்களுக்குத் திரும்பியது, அவன் தண்ணீரும் ஒரு வருஷத்துக்கு எங்களுக்கு வந்தது. அவன் மகன்கள் இரண்டு பேரும் என் மகன்களுக்குக் கூலிக்கு வலை இழுத்தார்கள். முதல் பிடிப்பில் ஒரு கூடை இறால் எடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பினேன், அண்ணனுக்குக் குழம்பு வைக்கச் சொல்லி. திருப்பி அனுப்பவில்லை. அவனும் மென்று தின்றிருப்பான்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பல்லக்கு என் வாசலில் நின்றது. இனிமேல் வரவேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டதாகத் தூக்குகிறவர்கள் சொன்னார்கள். நான் அவர்களைக் கோட்டைக்கே அனுப்பிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். குப்பத்தைத் தாண்டி முதல் பனைமரத்தடியில் அவன் நின்றிருந்தான், கையில் ஒரு தடி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். வீங்கிய கால் இரண்டும் தெரிந்தன. முகம் வியர்த்திருந்தது. அவன் வீட்டிலிருந்து அந்தப் பனைமரம் நூறு அடி இருந்தால் அதிகம்.

அவன் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அது ஒரு வருஷத்தில் ஒருவன் கால்களை என்ன செய்யும் என்பதும் தெரியும்.

"டேய்" என்றான். "நீ மொத நாளு எவ்ளோ நடந்த?"

அவன் இப்படியே நடந்தால் அடுத்த ஆவணியில் கழியைத் தொட்டுவிடுவான். தினமும் முழு வழியும் நட என்று சொல்லி அனுப்பினால் ஒரு வாரத்தில் நெஞ்சடைத்துப் போய்ச் சேருவான். அது இன்னும் மோசம். அவன் போய்விட்டால் வழக்கப்படி அவன் மகன்கள் வந்து நிற்பார்கள். அந்தத் தண்ணீர் எனக்கே நிலைக்க வேண்டுமென்றால் அவன் உயிரோடு இருக்க வேண்டும், நடக்கவும் கூடாது. இவ்வளவையும் மூச்சு விடும் நேரத்தில் யோசித்து முடித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவன் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தணித்து, கூடப்பிறந்தவன்போலச் சொன்னேன்.

"தெனிக்கும் பத்து அடி போதும்ணா. அதுக்கு மேல நெஞ்சு தாங்காது. பத்து அடி நடந்துட்டு வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ. ஒடம்பு முக்கியம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தடியை ஊன்றி ஒரு மூச்சு இழுத்து விட்டான்.

"பல்லக்கும் நீ இப்புடித்தான்டா அன்பா குடுத்த" என்றான்.

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி ஓடைப் பக்கமாக நடந்தான். நான் நின்ற இடத்திலேயே நின்று அவன் அடிகளை எண்ணினேன். பத்து ஆனது, நிற்கவில்லை. முப்பது ஆனது. நாற்பத்திரண்டில் தடி நழுவிப் பாதையில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் குனிந்தபடி இருந்தான். பிறகு தடியைத் தேடி எடுத்து, கையை மண்ணில் ஊன்றி எழுந்தான்.